ஸ்ப்ளிட்டிங் மாலுக்கு என் ஓட்டு: ஆப்புக்கோடாலி

அனைவருக்கும் வணக்கம்.

ஹேட்செட் (சின்னக் கோடாலி), மச்செட்டி, ஸ்ப்ளிட்டிங் மால் (விறகு பிளக்கும் கனமான கருவி) ஆகிய மூன்றையும் தமிழில் என்னவென்று சொல்வது என்று நடக்கும் இந்த இழையை நான்கு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதில் வாய் திறக்கும் யோக்கியதை எனக்குப் போன மாதம்தான் வந்தது. பெங்களூரு அல்சூரில் நாங்கள் இருக்கும் பழைய வீட்டில் இன்னும் ஹண்டே ஒலே இருக்கிறது. செம்பு அண்டாவைப் பதித்துக் கட்டிய வெந்நீர் அடுப்பு, விறகில் எரிவது. மே மாத மழைக்காற்றில் கொல்லை மாமரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. ஆள் வைத்து ரம்பத்தால் முழ நீளத் துண்டுகளாக அறுத்தாயிற்று. பிளப்பதை நானே செய்கிறேன் என்று வீரம் பேசிவிட்டேன்.

ஹேட்செட்டுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். ஒன்றரைச் சாண் பிடி, அரைக்கிலோ சொச்சம் தலை. ஒரு கையால் பிடித்துச் சுள்ளி நறுக்கலாம், அடுப்புப் பற்றவைக்கச் சிராய் சீவலாம். குறுங்கோடரி என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகுதான். ஆனால் கைக்கோடாலி என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும்போது அது எதற்கு?

மச்செட்டியும் அப்படித்தான். அரிவாள், வெட்டுக்கத்தி என்று நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. இங்கே கன்னடத்தில் அதற்கு மச்சு என்று பெயர். ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தையிடம் எதிர்வீட்டுக்காரர் "மச்சு இருக்கா?" என்று கேட்க, அத்தை மாடிப்படியைக் காட்டினார்.

சண்டையெல்லாம் மூன்றாவது கருவியான ஸ்ப்ளிட்டிங் மாலுக்குத்தான். அதில் அண்ணாச்சி கேட்டது:

> கோடாலி எல்லாம் கோடாலிதானே தம்பி. தடியாக இருந்தால் ஒரு பெயர், ஒல்லியாக இருந்தால் ஒரு பெயரா?

அண்ணாச்சி, நானும் அப்படி நினைத்துத்தான் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டேன். முதலில் கையிலெடுத்தது வீட்டில் கிடந்த சாதாரணக் கோடாலி. நன்றாகத் தீட்டியது. ஓங்கிப் போட்டதும் இரண்டு விரற்கடை ஆழம் இறங்கி நின்றது, அவ்வளவுதான். கட்டை கவ்விக்கொண்டது. ஆட்டினேன், அசைத்தேன், கட்டையோடு சேர்த்துத் தூக்கித் தரையில் மோதினேன். கடைசியில் பின்பக்கத்தைச் சுத்தியலால் தட்டலாம் என்று போனேன். நல்லவேளையாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்தார். அப்படித் தட்டினால் பிடி நுழையும் துளை விரிந்துபோகும், இரும்பில் இரும்பு பட்டுச் சில்லு தெறித்தால் கண் போய்விடும் என்றார்.

பிறகு அவரே தன்னுடைய ஸ்ப்ளிட்டிங் மாலைக் கொண்டுவந்தார். எனக்கு நன்றாகவே கனத்தது. இந்த வகையில் தலை மட்டும் ஏறக்குறைய 2.7 முதல் 3.6 கிலோ இருக்கும், பிடி மூன்றடி வரை. வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, தடவிப் பார்த்தால் கூர்மையே இல்லை. நுனியிலிருந்து கன்னம் (தலையின் பக்கவாட்டு) விறுவிறுவென்று அகன்றுபோகிறது. நடுவில் போடாமல், ஏற்கெனவே வெடிப்பு ஓடியிருந்த ஓரத்தில் போட்டார். மூன்றாவது போடில் 'சடக்' என்று கட்டை இரண்டாகி ஆளுக்கொரு பக்கம் உருண்டது.

கோடாலி நாருக்குக் குறுக்கே போய் நாரை அறுக்கிறது. அதற்கு மெல்லிய கன்னமும் கூரான வாயும் வேண்டும். இதுவோ நாரை அறுப்பதே இல்லை. நாரின் போக்கிலேயே நுழைந்து இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளுகிறது. தமிழிலும் மரத்தைத் தறிக்கிறோம், விறகைப் பிளக்கிறோம். வினை இரண்டாக இருக்கும்போது கருவிக்கும் பெயர் இரண்டு இருப்பதுதானே நியாயம்? மால் என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே விடவும் முடியாது. இந்த ஊரில் "மால் வாங்கப் போகிறேன்" என்றால் கோடீசுவரன் என்று நினைப்பார்கள்.

மாலுக்கு நவியம் (கோடாலிக்கான பழஞ்சொல்) என்று பெயர் எழுதிய நண்பருக்கு: புறநானூற்றின் 36-ஆம் பாட்டில் வரும் நெடுங்கை நவியம் அரத்தால் கூராக்கிய வாய் கொண்டது, பகைவரின் காவல்மரத்தைத் தறிப்பது. பிடி நீளம் பொருந்துகிறது, வேலை பொருந்தவில்லை. நவியத்தை மரம் வீழ்த்தும் நீளக் கோடாலிக்கு வைத்துக்கொள்ளலாமே.

பிளவி என்ற சொல் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிவாஜிநகர் இரும்புக்கடையில் தமிழ் பேசும் கடைக்காரரிடம் போய் "ஒரு பிளவி கொடுங்கள்" என்றால் என்ன எடுத்துத் தருவார்? என் பரீட்சை அவ்வளவுதான்.

சம்மட்டிக்கோடாலியை நான் முதலில் ஆதரித்தேன். மாலின் பின்பக்கம் உண்மையிலேயே சம்மட்டி மாதிரி தட்டையாக, ஆப்பு அடிப்பதற்கென்றே இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் பின்பக்கத்தைச் சொல்கிறது, முன்பக்கத்தை விட்டுவிடுகிறது. சம்மட்டியால் கோடாலியை அடிக்கலாம் என்று யாராவது புரிந்துகொண்டால் அதைவிட ஆபத்து.

அதனால்தான் ஆப்புக்கோடாலி. பிடி போட்ட ஆப்பு, வேறொன்றுமில்லை. "ஆப்பு என்றாலே பசங்க சிரிப்பாங்க" என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். சிரிக்கட்டும். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை அதைவிட வெகு பழையது, அதிலும் ஆப்பு மரத்தின் பிளவில்தான் இருந்தது. கடைக்காரரிடமும் சொல்லிப் பார்த்தேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, "சௌதே ஒடைக்கிறதா?" என்று கேட்டு, சரியான பொருளைத்தான் எடுத்துக் காட்டினார். சௌதே என்றால் கன்னடத்தில் விறகு. உடைப்பதைப் பாருங்கள், நாமும் விறகை உடைக்கத்தானே செய்கிறோம். ஆகவே யாராவது உடைகோடாலி என்று முன்மொழிந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. பிடிக்குக் காம்பு, கணை என்று இரண்டு சொல் இருக்கின்றன. கோடாலிக்காம்பு என்றதும் ஊருக்கே அர்த்தம் தெரியும். வாய், கன்னம் இரண்டும் சரி. வாய்க்கு நேர் பின்னால் தட்டையாக இருக்கும் பகுதிக்குத்தான் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அண்ணாச்சி, உங்கள் ஊரில் கொல்லுப்பட்டறை இன்னும் நடக்கிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கம் போகும்போது அவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்களேன்.