எட்டு கோரில் ஒன்று 7232 மெகாஹெர்ட்ஸ் காட்டுகிறது: பி-ஸ்டேட் டிரைவரில் எங்கே கை வைப்பது?

நிலவன்:

லினக்ஸ் 6.6 கர்னலை வைத்து ஒரு கிளையைப் பராமரித்து வருகிறோம். 6.9-இல் சேர்ந்த ப்ரிஃபர்டு கோர் வசதியை (நல்ல கோருக்கு முதலில் வேலை தருவது) அதில் பேக்போர்ட் செய்திருக்கிறார்கள், அதாவது பழைய கர்னலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சிபியூ வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்த டிரைவர் இப்போது என் பொறுப்பில். எட்டு கோர் மெஷின், ஏஎம்டி பி-ஸ்டேட் டிரைவர் பாஸிவ் மோடில் (எவ்வளவு வேகம் வேண்டும் என்று கர்னலே கேட்கும்), வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் கவர்னர் 'ஸ்கெட்யூட்டில்'.

சிபியூ விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ கட்டளையைப் போட்டால் கோருக்குக் கோர் உச்ச வேகம் மாறுகிறது. ஒன்று 5087, இன்னொன்று 6466, ஒன்று மட்டும் 7232! இந்தச் சிப் 5.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. கர்னல் தகவல்களைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் சிபிபிசி கோப்புகளை (கோர்களின் திறன் பற்றி ஃபர்ம்வேர் தரும் எண்கள்) திறந்து பார்த்தேன். நாமினல் வேகம் 3800, நாமினல் பெர்ஃப் 124, இவை எல்லாக் கோருக்கும் ஒன்றுதான். ஹையஸ்ட் பெர்ஃப் மட்டும் 166-இலிருந்து 236 வரை போகிறது.

காட்டும் எண்ணோடு போயிருந்தால் விட்டிருப்பேன். ஆனால் ஹையஸ்ட் பெர்ஃப் 236 உள்ள அந்தக் கோரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வேலை வந்தாலே டர்போஸ்டாட்டில் உச்ச வேகம் தெரிகிறது, சூடும் ஏறுகிறது. அதே வேலையை டாஸ்க்செட் கட்டளையால் 166 உள்ள கோருக்குக் கட்டிப் போட்டால் 3.8 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நிதானமாக ஓடுகிறது. பாலிசியின் (கோருக்கான வேக அமைப்பின்) உச்ச வரம்பை 5.1-க்கு வெட்டினால் போதும் என்று டீமில் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சரியான இடம் எது?

கயல்விழி:

டர்போஸ்டாட்டில் பார்த்தது நல்லது. அது சிப்பில் உள்ள ஏபெர்ஃப், எம்பெர்ஃப் கவுன்டர்களிலிருந்து கணக்கிடுவதால் நிஜமாக ஓடிய வேகம் தெரியும். வேகத்தை ஃபர்ம்வேரே முடிவு செய்யும் ஆக்டிவ் மோடில் இருந்திருந்தால் ஸ்கெட்யூட்டிலைத் தேர்ந்தெடுக்கவே முடியாது, ஆகவே இது நிச்சயமாக டிரைவர் கேட்கும் எண்ணில் உள்ள கோளாறுதான். ஃபர்ம்வேர் பக்கம் தேட வேண்டாம்.

செந்தில்:

நிலவன், உங்கள் மனசு சொன்னதுதான் சரி. வரம்பை வெட்டினால் எல்எஸ்சிபியூ அழகாகிவிடும், சூடு அப்படியே இருக்கும். பாஸிவ் மோடில் ஸ்கெட்யூட்டில் இந்த டிரைவரிடம் கிலோஹெர்ட்ஸில் பேசுவதே இல்லை. டிரைவரின் அட்ஜஸ்ட் பெர்ஃப் ஃபங்ஷன் வழியாகப் பெர்ஃப் அளவில்தான் கேட்கிறது.

ப்ரிஃபர்டு கோர் உள்ள சிப்பில் ஹையஸ்ட் பெர்ஃப் என்பது வேகம் அல்ல, எந்தக் கோர் முந்தி என்ற தரவரிசை. உங்கள் பேக்போர்ட்டில் ரேங்க்கை மார்க் என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 3800-ஐ 236-ஆல் பெருக்கி 124-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 7232 வந்துவிடும். 236-க்குப் பதில் 166 போட்டால் 5087, உங்கள் சிப்பின் நிஜ உச்சம்.

இப்போது சூட்டுக்கு வருவோம். ஒரு கோரின் பயன்பாடு 60 சதவீதம் என்று ஷெட்யூலர் (எந்த வேலை எந்தக் கோரில் என்று தீர்மானிக்கும் கர்னல் பகுதி) சொன்னால் ஸ்கெட்யூட்டில் அதோடு கால் பங்கு சேர்த்து 75 ஆக்கிக் கேட்கும். 166-இல் 75 சதவீதம் சுமார் 125, அதாவது கிட்டத்தட்ட நாமினல், 3.8 கிகாஹெர்ட்ஸ். 236-இல் 75 சதவீதம் 177. 166-ஐத் தாண்டிவிட்டது, நேராக உச்சம். நீங்கள் இரண்டு கோரிலும் பார்த்தது இதையேதான்.

ஆகவே இரண்டு எண்களையும் பிரியுங்கள். ரேங்க்கைத் தனி ஃபீல்டில் வைத்து, ஷெட்யூலருக்குக் கோர் முன்னுரிமை சொல்லும் ஐடிஎம்டி ஃபங்ஷனுக்கு மட்டும் கொடுங்கள். வேகக் கணக்கு, அட்ஜஸ்ட் பெர்ஃப், உச்ச வரம்பு எல்லாவற்றுக்கும் 166 போகட்டும். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். ஏஎம்டியின் ஸென் 4 தலைமுறையில் சில மாடல்களுக்கு அது 196. ப்ரிஃபர்டு கோர் இல்லாத மெஷினில் படித்த மதிப்பையே வைத்துக்கொள்ளலாம். இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு கோரைப் பார்த்து முடிவு செய்யவும் முடியாது. எல்லாவற்றையும் படித்து, குறைந்தது இரண்டு வேறு மதிப்புகள் வந்தால்தான் உண்டு என்று கொள்ள வேண்டும்.

அப்புறம் டிரைவருக்கு வெளியே, கர்னலின் எக்ஸ்86 பக்கம் ஃப்ரீக்வென்ஸி இன்வேரியன்ஸ் கணக்கையும் (கோர் ஓடும் வேகத்தை வைத்துப் பாரத்தைச் சரிசெய்வது) பாருங்கள். 'உச்சம் நாமினலைப் போல எத்தனை மடங்கு' என்ற விகிதம் அங்கே போகிறது. அது பெரிதாக இருந்தால் முழு வேகத்தில் ஓடும் கோர்கூட முழு அளவான 1024-ஐத் தொடாது, பாரத்தை ஷெட்யூலர் குறைத்தே மதிப்பிடும். இரண்டு இடத்துக்கும் ஒரே ஃபங்ஷன் எண்ணைத் தரட்டும். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால் தப்பும் தப்பும் பாதி ஈடுகட்டிக்கொண்டு, அடுத்து வருபவருக்குத் தடயமே கிடைக்காது.

கயல்விழி:

ஐடிஎம்டியை இயக்கும் அழைப்பை டிரைவர் தொடங்கும் இனிட்டில் நேரடியாக வைக்காமல், பிறகு தனியாக ஓடும் ஒர்க்க்யூவில் போடுங்கள். அது ஷெட்யூலிங் டொமைன்களை (ஷெட்யூலர் பார்க்கும் கோர் குழுக்களை) திரும்பக் கட்டும், கோரைச் சேர்க்க, நீக்க உதவும் ஹாட்பிளக் லாக்கோடு முட்டிக்கொள்ளும்.

நிலவன்:

இருவருக்கும் நன்றி. பிரித்து எழுதியாயிற்று. எட்டு கோரும் 5087 காட்டுகின்றன, 236 உள்ள கோரும் அதே வேலைக்கு 3.8 பக்கத்தில் நிற்கிறது. தனி த்ரெட் வேலை இன்னும் அந்தக் கோருக்கே முதலில் போகிறது, அதைத்தான் உடைத்துவிடுவோமோ என்று பயந்தேன். எக்ஸ்86 பக்கம் 166-க்குப் பதில் 255 போய்க்கொண்டிருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். ஓடும்போதே ஃபர்ம்வேர் ரேங்க்கை மாற்றினால் என்ன ஆகும்?

செந்தில்:

ஃபர்ம்வேரிடமிருந்து 0x85 என்ற ஏசிபிஐ அறிவிப்பு வரும். அப்போது ரேங்க் ஃபீல்டை மட்டும் மறுபடி படித்து முன்னுரிமையைப் புதுப்பித்தால் போதும், 166-ஐத் தொட வேண்டியதில்லை. பேட்ச் அனுப்பும்போது அந்த 125, 177 கணக்கைக் கமிட் செய்தியில் எழுதிவிடுங்கள்.