பழைய 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியில் பேரல் ஆட்டம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கூடலூரிலிருந்து:

எங்கள் வீட்டில் இருப்பது பர்மிங்காமில் செய்த 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி. தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சொந்த ஊருக்குக் கிளம்பும்போது விற்றது. லைசென்ஸ் என் பெயருக்கு மாறியதும் எடுத்துப் பார்த்தேன். மூடினால் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு அசைத்தபோதுதான் 'டொக்'கென்று சத்தம் வந்தது.

பழைய துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரும் இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்பதை முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். முன்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங் பேரலை, அதாவது குழலை, பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்கட்டை மாட்டியிருக்கும் வரை ஆட்டம் வெளியே தெரியாது. அதைக் கழற்றிவிட்டு, தோளில் வைக்கும் பின்கட்டையின் கழுத்தைக் கெட்டியாகப் பிடியுங்கள். தோட்டாவின் அடி முட்டி நிற்கும் இரும்புச் சுவர் இருக்கிறதே, அதுவும் பேரலும் சேரும் கோட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மறு கையால் பேரலை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசையுங்கள். மயிரிழை அசைந்தாலும் விரல் சொல்லிவிடும்.

அப்புறம் ஒரு சிகரெட் தாள் துண்டை அந்த இடுக்கில் வைத்து மூடினேன். தாள் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். பேரல் சரியாக உட்கார்ந்திருந்தால் அது சிக்கிக்கொள்ள வேண்டும். எங்களுடையதில் இழுத்ததும் வந்துவிட்டது. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் நூல் மாதிரி வெளிச்சமும் தெரிந்தது.

துப்பாக்கியைத் திறக்க மேலே இருக்கும் லீவரையும் பாருங்கள். புதுத் துப்பாக்கியில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமே நின்றுவிடும். பூட்டும் நாக்கு தேயத் தேய நடுவுக்கு வந்து, பிறகு இடப்பக்கம் சாயும். எங்களுடையது இடப்பக்கம் போய்விட்டது. ஆனால் லீவர் சாய்வதும் பேரல் விலகி நிற்பதும் வேறு வேறு தேய்மானம். முதலாவது பூட்டில் வருவது, இரண்டாவது பேரல் மடிந்து திறக்கும் கீல் பின்னில் வருவது. லீவர் நேராக நிற்கிறது என்பதற்காகத் துப்பாக்கி நல்லது என்று நம்பிவிடாதீர்கள்.

கோவையிலிருந்து, பழுது பார்க்கும் லைசென்ஸ் உள்ளவன்:

அண்ணே, நீங்கள் பார்த்த விதம் சரி. ஒவ்வொரு வெடிக்கும் பேரல் முன்னால் இழுபடும். அந்த இழுப்பையெல்லாம் தாங்குவது பேரலின் அடியில் உள்ள கொக்கியும், அது மாட்டி நிற்கும் கீல் பின்னும்தான். அந்த இடத்தில் கிரீஸ் வறண்டு மணல் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அரைக்கும். சினிமாவில் வருகிற மாதிரி ஒரு கையால் உதறி 'டப்'பென்று மூடுகிறவர்களின் துப்பாக்கி இன்னும் சீக்கிரம் போகும். லீவரைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மெதுவாக மூடிப் பழகுங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது தகரம் வைத்த துப்பாக்கிகளைப் பார்த்தால்தான். டப்பாவை வெட்டி ஒரு துண்டுத் தகரத்தைக் கொக்கியின் வளைவில் ஒட்டிவிடுகிறார்கள். விற்கிற அன்றைக்கு ஆட்டம் இருக்காது. கொஞ்சம் சுட்டதும் தகரம் நசுங்கிப் பழையபடி ஆடும். இன்னும் சிலர் கொக்கியையே சுத்தியலால் தட்டி இரும்பைப் பிதுக்குகிறார்கள். வாங்கும் முன் கொக்கியின் உள்வளைவை டார்ச் அடித்துப் பாருங்கள். அடித்த தடம், ஈயப் பூச்சு, வேறு நிறத்து உலோகம் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முறையான வேலை பழைய பின்னை எடுத்துவிட்டுச் சற்றே பெரிய பின் போடுவதுதான். சில துப்பாக்கிகளில் பின் தனியாக வராது, உடலோடு சேர்த்தே கடைந்திருக்கும். அங்கே கொக்கியில் வெல்டிங்கால் உலோகம் ஏற்றி மறுபடி ராவ வேண்டும். சூடு கொஞ்சம் மீறினாலும் இரண்டு குழலுக்கும் நடுவே ஈயத்தால் பற்றவைத்த பட்டை விட்டுக்கொள்ளும். கை பழகாதவரிடம் கொடுக்கவே கூடாது.

பின் போட்ட பிறகுதான் பொறுமையான வேலை. மண்ணெண்ணெய் விளக்குப் புகையை, பேரல் உடலோடு படும் பரப்பிலெல்லாம் மெல்லப் பிடிப்பேன். மூடித் திறந்தால் கரி எங்கே அழிந்திருக்கிறதோ அந்த இடம்தான் முட்டுகிறது. அங்கே மட்டும் ஒரு இழுப்பு ராவிவிட்டு மறுபடி புகை. பரப்பு முழுக்கக் கரி சமமாக அழியும் வரை இதேதான். அவசரப்பட்டு அதிகம் ராவிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை.

இன்னொன்று. ஊர்க் கொல்லரிடம், லேத் பட்டறையில் கொடுக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும்.

கொள்ளேகால் பக்கத்திலிருந்து:

எங்கள் துப்பாக்கியில் இடது குழல் அடிக்கடி வெடிக்காமல் போகும். ஸ்பிரிங் மாற்றினோம், ஊசி மாற்றினோம், பயனில்லை. சுட்ட தோட்டாக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கும் தொப்பியில் ஊசித் தடம் மேலோட்டமாக இருந்தது, தொப்பியும் பின்னால் தள்ளி நின்றது. பேரல் விலகியிருந்ததால் தோட்டா முன்னால் நின்றிருக்கிறது, ஊசி எட்டவில்லை. கீல் பின்னை மாற்றியதும் பழைய ஸ்பிரிங்கிலேயே ஒழுங்காக வெடித்தது. தொப்பி பிதுங்குவதைப் பார்த்தால் அன்றைக்கே சுடுவதை நிறுத்துங்கள். வாயு பின்னால் கசிந்தால் முகத்துக்கு நேரேதான் வரும்.

கூடலூரிலிருந்து:

கோவை நண்பர் சொன்னபடி பின்னை மாற்றி, பூட்டையும் சரிசெய்தாகிவிட்டது. லீவர் இப்போது வலப்பக்கம் நிற்கிறது, சிகரெட் தாளும் சிக்குகிறது. பேரலைக் கழற்றியபோது அடியில் உள்ள முத்திரைகளையும் படித்தோம். 'நைட்ரோ புரூஃப்' முத்திரை, அதாவது இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை, இருந்ததில் பெரிய நிம்மதி. அது இல்லாத பழைய பேரல்கள் கரிமருந்துக்கு மட்டும் சோதித்தவை. அவற்றில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. தோட்டா உட்காரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம், தோட்டாக் கணக்கில் 65 மி.மீ. இத்தனை வருடம் இதில் 70 மி.மீ. தோட்டாவைப் போட்டு வந்திருக்கிறார்கள். நுழையத்தான் செய்யும். ஆனால் வெடித்துத் தோட்டாவின் முன்மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும், அந்த அடியும் கீல் பின்னுக்குத்தான்.

தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைப்பவர்கள் கொக்கியிலும் பின்னிலும் கிரீஸ் தடவி, குழலுக்குள் எண்ணெய் ஓட்டிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் மேலே சொன்ன சோதனையை மறுபடி செய்யுங்கள்.

65 மி.மீ. தோட்டா நீலகிரி, கோவைப் பக்கம் எந்தக் கடையில் தொடர்ந்து கிடைக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.