கிழிந்த கொடியைக் குறை சொன்னால் தேசியக் கொடியை அவமதித்ததாகுமா?

கேள்வி (தேவனாம்பட்டினம் வாசி):
அனைவருக்கும் வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் தெருவில் சுதந்திர தினத்துக்காக மொட்டை மாடிகளில் கட்டிய கொடிகள் பல, ஒரு மாதம் கடந்தும் இறக்கப்படாமல், உப்புக் காற்றில் ஓரம் கிழிந்து நிறம் வெளுத்துக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைப் படமெடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மரியாதையோடு பராமரிக்க இயலாதவர்கள் கொடி ஏற்றாமலே இருக்கலாம் என்றும், எல்லா வீட்டாரும் ஏற்றியே ஆகவேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தினர் வற்புறுத்துவது சரியன்று என்றும் எழுதினேன். சங்கப் பொறுப்பாளர் ஒருவர் இதையே கொடி அவமதிப்பு என்று கூறி, காவல் நிலையத்தில் புகார் அளிக்கப்போவதாகச் சொல்கிறார். நான் எழுதியது குற்றமா? கிழிந்த கொடியைப் பறக்கவிட்டவர்களுக்குப் பொறுப்பு எதுவும் இல்லையா? அந்தக் கொடிகளை இனி என்ன செய்வது?

பதில் (முத்தியால்பேட்டை வழக்கறிஞர்):
நீங்கள் எழுதியது குற்றமாகாது என்பது என் கருத்து. இது மத்தியச் சட்டம் என்பதால் உங்கள் கடலூருக்கும் எங்கள் புதுச்சேரிக்கும் இதில் வேறுபாடு கிடையாது. 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பது, சிதைப்பது, மிதிப்பது, சொல்லாலோ எழுத்தாலோ செயலாலோ இழிவுபடுத்துவது ஆகியவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. சங்கப் பொறுப்பாளர் இதுவரை படித்துவிட்டு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. அதே பிரிவின் முதல் விளக்கம், அரசின் நடவடிக்கைகளைக் குறை கூறுவதையும், ஏன், கொடியையே சட்டவழியில் மாற்றவேண்டும் என்ற நோக்கத்தோடு விமர்சிப்பதையும்கூடக் குற்றமாகக் கருதக்கூடாது என்கிறது. கொடியையே விமர்சிக்க இடம் தரும் சட்டம், கொடியைச் சரியாகப் பராமரியுங்கள் என்பவரைத் தண்டிக்கும் என்று எதிர்பார்ப்பது வேடிக்கையானது.

கொடி ஏற்றும் உரிமையே கருத்துச் சுதந்திரத்திலிருந்துதான் பிறந்தது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். முன்பெல்லாம் சாதாரணக் குடிமக்கள் ஆண்டு முழுவதும் கொடி ஏற்ற அனுமதி இல்லை. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரியில், மரியாதையோடு கொடி ஏற்றுவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவின்கீழ் வரும் அடிப்படை உரிமை என்றும், அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் தீர்ப்பளித்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதன்று. 1954 மார்ச் இறுதியில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றியவர்கள், ஆட்சிக்கு எதிரான தங்கள் கருத்தை அந்தக் கொடியால்தான் சொன்னார்கள். உரிமை என்று ஆனபின் அதைக் கட்டாயமாக்க ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதம் இசைக்கப்படும்போது மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த கேரள மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியதும் இதை ஒட்டியதே.

கிழிந்த கொடியைப் பொறுத்தவரை, சேதமடைந்த கொடியைப் பறக்கவிடக்கூடாது என்று 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த விதித்தொகுப்பு தன்னளவில் சட்டம் ஆகாது. மறந்துபோய் இறக்காமல் விட்டவரைக் குற்றவாளி ஆக்குவது கடினம். கோயம்புத்தூரில் 2013 கிறிஸ்துமஸ் விழாவில் மூவண்ணமும் அசோகச் சக்கரமும் வரைந்த கேக்கை வெட்டியது தொடர்பான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் ரத்து செய்தபோது, அவமதிக்கும் நோக்கம் இருந்ததா என்பதையே நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முதன்மையாகப் பார்த்தார். ஆகவே உங்கள் அண்டை வீட்டார்மீது நீங்களும் புகார் என்று கிளம்பிவிடாதீர்கள்.

பதில் (ஓய்வு பெற்ற என்.சி.சி. ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்):
வழக்கறிஞர் ஐயா விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். கிழிந்த கொடியைக் குப்பையில் போடக்கூடாது, கரித்துணியாகவும் பயன்படுத்தக்கூடாது. பிறர் பார்வையில் படாத இடத்தில், முழுக் கொடியாகவே, எரித்தோ கண்ணியமான வேறு முறையிலோ அழிக்கவேண்டும் என்பதே விதி. தெருமுனையில் எரித்தால் வழக்கு, கொல்லைப்புறத்தில் எரித்தால் மரியாதையா என்று மாணவர்கள் கேட்பார்கள், ஆம், அப்படித்தான். ஆனால் 2021 டிசம்பர் இறுதியில் விதியைத் திருத்திப் பாலியஸ்டர் கொடிகளை அனுமதித்தபின், இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பவை அந்த வகைதான். அவற்றை எரித்தால் உருகிப் புகையும். துணியைக் காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகுமாறு, சக்கரம் மேலே தெரியும்படி மடித்துச் சேகரித்து, உங்கள் பகுதிப் பள்ளியிலோ மாநகராட்சி அலுவலகத்திலோ ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் வீடுகளில் இரவிலும் கொடி பறக்கலாம் என்று ஆனதால், மாலையில் இறக்கும் பழக்கமே போய்விட்டது. இந்தத் திருத்தத்தை நான் ஏற்கவில்லை. தினமும் இறக்கியவர்களுக்குக் கிழிசல் முதல் நாளே கண்ணில் பட்டுவிடும்.

பதில் (நெல்லிக்குப்பத்தான்):
இருவரும் கேள்வி கேட்டவர் பக்கமே பேசுகிறீர்கள். எழுத்தாலும் அவமதிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கிழிந்த கொடியின் படம் குழுவிலிருந்து குழுவுக்குப் பரவினால் அதைக் கேலிக்குப் பயன்படுத்துபவர்கள் வரமாட்டார்களா? அந்த வீட்டாரிடம் நேரில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பேசும் உரிமைக்கு எல்லை உண்டு என்று 19(2) பிரிவு கூறுவதையும் மறக்கவேண்டாம்.

பதில் (முத்தியால்பேட்டை வழக்கறிஞர்):
நேரில் சொல்லியிருக்கலாம் என்பதை ஏற்கிறேன்; ஆனால் நாகரிகக் குறைவு வேறு, மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றம் வேறு. எல்லை எங்கே என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாத செய்தியும் அன்று. இந்தித் திணிப்பை எதிர்த்து 1955 ஆகஸ்டு 1 அன்று தேசியக் கொடியை எரிக்கப்போவதாகப் பெரியார் அறிவித்து, முதலமைச்சர் காமராசர் அளித்த உறுதிமொழிக்குப் பின் அதை ஒத்திவைத்தார். 1957 நவம்பரில் அரசியலமைப்பை எரிக்கும் போராட்டம் அறிவிக்கப்பட்டபோது சென்னை மாநிலமே தனிச் சட்டம் இயற்றியது; அதில் எரித்தவர்கள் சிறைக்குச் சென்றார்கள். இந்தியாவில் கொடியை எரித்து எதிர்ப்புத் தெரிவிக்க இடமில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் அதற்கு இடம் கொடுத்தது என்பது வேறு நாட்டுக் கதை. எழுத்தால் அவமதிப்பது என்பதற்கும் இழிவுபடுத்தும் தன்மை அந்த எழுத்தில் இருக்கவேண்டும். "மரியாதையோடு பராமரிக்க இயலாதவர்கள்" என்று தொடங்கும் வாக்கியத்தில் அதை எவராலும் காட்ட முடியாது.

தேவனாம்பட்டினம் நண்பரே, பதிவை அழித்துவிடாதீர்கள். படமும் நீங்கள் எழுதிய முழு வாசகமும் தேதியோடு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு அழைத்தால் அதன் பிரதியோடு சென்று, நடந்ததை எழுத்துமூலமாகக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒப்புகையும் கேட்டு வாங்குங்கள்.