அம்பாசடர்: ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை வீட்டில் கழற்றலாமா?

கேள்வி:
அண்ணன்மாரே, அப்பாவின் டீசல் அம்பாசடர். கிளட்சை விட்டதும் அடியில் 'டக்' என்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பின் க்ராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) ஓரத்தில் துருப்பொடி. ஷாஃப்ட்டை நானே இறக்கலாமா?

பதில்:
தாராளமாக இறக்கலாம் தம்பி. துருப்பொடி வந்தால் கிரீஸ் வற்றி க்ராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) போய்விட்டது என்று அர்த்தம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வை. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே படுக்காதே. நியூட்ரலில் இருந்தால் ஷாஃப்ட்டைச் சுற்றிச் சுற்றி பின்முனையின் நாலு போல்ட்டையும் எட்டலாம். ஆனால் ஸ்பேனரைத் தொடும் முன் ஷாஃப்ட்டும் பின் அச்சும் சேரும் இரண்டு ஃபிளாஞ்சுக்கும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) குறுக்கே உளியால் ஒரு கோடு போடு. பலர் விடுவது இதைத்தான். பழைய இடம் மாறி உட்கார்ந்தால் வேகத்தில் வண்டி அதிரும்.

கேட்டவர்:
சரி அண்ணே. முன்பக்கம்?

பதில்:
ஷாஃப்ட்டின் முன்முனையான யோக்கை கியர்பாக்ஸிலிருந்து உருவும்போது ஆயில் ஒழுகும், தட்டு வை. திரும்ப மாட்டும்போது யோக்கில் ஆயில் தடவி நேராகத் தள்ளு, கியர்பாக்ஸின் ஆயில் சீல் கிழியாது.

இன்னொருவர்:
புது க்ராஸ் போடும்போது கப்பின் (க்ராஸின் ஒவ்வொரு முனையிலும் மாட்டும் பேரிங் மூடி) ஊசிகளைக் கிரீஸில் ஒட்டி நிறுத்துங்கள். ஒரு ஊசி சரிந்தாலும் கப் முழுதாக இறங்காது, கப்பைப் பிடித்து நிறுத்தும் வளையமான சர்க்ளிப் காடியில் உட்காராது. அப்போது சுத்தியலால் ஓங்கி அடிக்காமல் கப்பைக் கழற்றிப் பாருங்கள். அப்புறம், போல்ட்டுகளில் இருப்பது நைலாக் நட்டாக (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) இருந்தால் புதிதாகவே போடுங்கள்.