யூதர்களோடு பழகியது பற்றி: லண்டனில் இருப்பவர்களின் அனுபவங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். யூதர்களும் நாமும் உட்கார்ந்து பேசினால் உண்மையிலேயே நட்பு வருமா என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். வரும். ஆனால் எதை வைத்துப் பேச்சை ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் வட லண்டனில் பெண் மய்யித்துகளை, அதாவது இறந்த பெண்களின் உடல்களை, அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டும் குழுவில் இருக்கிறேன். ஆரம்பத்தில் போன மத நல்லிணக்கக் கூட்டங்களில் எல்லோரும் இப்ராஹீம் நபியின் பிள்ளைகள்தான் என்று ஆளாளுக்குப் பேசிவிட்டுக் கலைந்துவிடுவோம், வாசலைத் தாண்டினால் யார் பெயரும் ஞாபகம் இருக்காது. ஒரு நாள் ஒரு ரப்பியின் (யூத மதகுருவின்) மனைவி என்னிடம் வந்து, "எங்களிலும் இந்த வேலைக்கென்று ஆட்கள் உண்டு, ஹெவ்ரா கடிஷா என்போம், பெண்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து பேசலாமா?" என்று கேட்டார். அங்கேதான் மாறியது.

ஒரு மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, நாங்கள் செய்வதை நாங்களும் அவர்கள் செய்வதை அவர்களும் காட்டினோம். நாம் வலப்பக்கத்திலிருந்து தொடங்குவோம் இல்லையா, அவர்களும் தலைக்கு அடுத்து வலப்பக்கம்தான். கழுவும்போது உடம்பைத் திறந்து போடாமல் மூடியபடியே செய்வது, ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் குளிப்பாட்டுவது, ஏழை பணக்காரர் எல்லோருக்கும் ஒரே எளிய வெள்ளைத் துணி, எல்லாம் ஒன்று. வித்தியாசமும் இருக்கிறது. நமக்குப் பெண்ணுக்கு ஐந்து துண்டு கஃபன் துணி, உடலைச் சுற்றுவதற்கு. அவர்களுடையது தைத்த உடை, அதில் பை வைக்க மாட்டார்கள். நாம் துணி நாடாவால் கட்டி கபரில் வைத்ததும் அவிழ்த்துவிடுவோம், அவர்கள் முடிச்சே போடாமல் முறுக்கிச் செருகுகிறார்கள். அதை ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து, விரல் விரலாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் அவர்கள் இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, எங்களை அறியாமல் உன் கண்ணியத்துக்குக் குறைவாக ஏதாவது நடந்திருந்தால் மன்னித்துக்கொள் என்று கேட்பார்களாம். மய்யித்திடம் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்ற நம் கட்டளையை நான் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்களை என்னால் வேற்று ஆட்களாக நினைக்க முடியவில்லை.

———

சகோதரி சொன்னதோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். வாப்பா வீட்டிலேயே திடீரென்று மௌத்தாகிவிட்டார்கள். அப்படி நடந்தால் இங்கே விஷயம் கரோனரிடம், அதாவது மரணத்தின் காரணத்தை விசாரிக்கும் அதிகாரியிடம், போய்விடும், அவர் உடலை விடுவிக்காமல் அடக்கம் செய்ய முடியாது. வாரக் கடைசி வேறு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யூதர்களும் நாமும் கூடிப் பேசும் ஒரு கலந்துரையாடல் குழுவில் பழக்கமான ஒரு யூதர்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஞாயிறு காலை அழைத்தேன். அலுவலக நேரம் தாண்டியும் யாரைக் கூப்பிடலாம், உடலை அறுக்காமல் ஸ்கேன் மூலம் பரிசோதிக்க முடியுமா என்று எப்படிக் கேட்க வேண்டும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அடக்கம் முடியும்வரை திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு அதெல்லாம் அத்துபடியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. லண்டனின் உள்வடக்குப் பகுதிக் கரோனர், மதத்தைக் காரணம் காட்டி எந்த மரணத்தையும் முன்னுரிமையோடு கவனிக்க மாட்டோம் என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். ஹாக்னியின் யூதர்களும் டவர் ஹாம்லெட்ஸின் முஸ்லிம்களும் அதே எல்லைக்குள் வருகிறவர்கள், இரு தரப்புக்கும் தாமதமில்லாமல் அடக்கம் செய்வது மார்க்கக் கடமை. ஒரு யூத அடக்கச் சங்கம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் அந்தக் கொள்கை சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது அவர்கள், பலன் நம் மய்யித்துகளுக்கும் சேர்த்துத்தான். இதை நம் பள்ளிவாசல்களில் இன்னும் நிறையப் பேர் சொல்ல வேண்டும்.

துக்கம் விசாரிக்க வந்த அந்த யூத நண்பர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன இது என்று இருந்தது. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. வாப்பாவைப் பற்றி நானாக ஆரம்பித்தேன், நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

———

நானும் யூதர்களோடு கூடிப் பேசும் ஒரு குழுவில் இருக்கிறேன். நல்லதை மட்டும் சொன்னால் போதாது. 2023 அக்டோபருக்குப் பிறகு எங்கள் குழுவில் பேச்சே நின்றுபோனது. ஒருவரின் உறவினர் இஸ்ரேலில் கொல்லப்பட்டிருந்தார். இன்னொரு பெண்ணின் குடும்பம் காசாவில், தினமும் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. சிலர் விலகினார்கள், இன்றுவரை திரும்பவில்லை, அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. மறுபடி கூடியபோது ஒரே ஒரு ஏற்பாடு: ஒருவர் தன் இழப்பைப் பற்றிப் பேசும்போது மற்றவர் பதில் சொல்லக் கூடாது, கணக்குப் பார்க்கவும் கூடாது. அரசியலில் யாரும் யாரையும் மாற்றவில்லை. காசாவில் நடப்பது பற்றி என் கருத்து அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதைக் கேட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி மிஞ்சியவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரி, அடக்கம் என்று ஏற்கெனவே ஒன்றாக அலைந்தவர்கள்தான்.

———

மேலே முதலில் எழுதியவள்தான். ஆண்களுக்கும் இப்படிச் சந்திப்பு உண்டா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: தாராளமாக நடத்தலாம். உங்கள் பள்ளிவாசலில் அடக்கத்தைக் கவனிக்கும் ஜனாஸா கமிட்டியிடம் முதலில் பேசுங்கள், அவர்கள் வழியாக யூதர்களின் அடக்கச் சங்கத்துக்கு எழுதச் சொல்லுங்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வு நாள், அந்த நேரத்தில் கூப்பிட வேண்டாம். நமக்கு வெள்ளி மதியத் தொழுகையான ஜும்ஆ நேரம் ஆகாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஞாயிறு என்றால் இரண்டு பேருக்கும் சரி.