கேமைப் பாத்துக் கருத்து எழுதேக்க திருத்தமும் சொல்லவேணுமோ?

உப்புக்காரன்:
யாழ்ப்பாணத்தில கேம் டெவலப்மென்ற் படிக்கிற பெடியள் ஒரு ரீமின்ர வேலையை மற்ற ரீம் விளையாடிப் பாத்துப் படிவம் நிரப்பினம். அதில "எப்பிடித் திருத்தலாம்?" எண்டொரு பெட்டி. அதைத் தூக்கவேணும் எண்டுறன். கண்டதை மட்டும் எழுதினால் போதும்.

கிளித்தட்டுக் கேம் ஒண்டை எடுங்கோ. கோட்டில காவல் நிக்கிறவையிட்டயும் கிளியிட்டயும் பிடிபடாமல் தட்டுத் தட்டாக் கடந்து போற விளையாட்டு அது. "கிளி கனக்க வேகம், ஸ்பீடைக் குறையுங்கோ" எண்டு எழுதுறார் ஒருத்தர். செய்தவரும் குறைக்கிறார். அடுத்தவர் வேற கணினியில விளையாடேக்க கிளி ஊருது. ஸ்பீடில பிழையே இல்லை. ஃபிரேமுக்கு (திரையில மாறுற ஒவ்வொரு படத்துக்கும்) 0.1 அலகு நகர்த்தியிருக்கினம், டெல்ரா ரைமால, அதாவது முந்தின ஃபிரேமிலயிருந்து கழிஞ்ச நேரத்தால, பெருக்கேல்லை. விசிங்க் (ஃபிரேமைத் திரையின்ர வேகத்தோட ஒத்துப்போக வைக்கிற செட்டிங்) போட்டபடி 60 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 60 தரம் படம் மாறுற) திரையில செக்கனுக்கு 6 அலகு, 144 ஹேர்ட்ஸ் திரையில 14.4. "144 ஹேர்ட்ஸ் மொனிற்றர், இரண்டாம் தட்டிலயே நாலு தரமும் பிடிபட்டன்" எண்டு மட்டும் எழுதியிருந்தால் காரணம் தானா வெளிக்கும்.

பனங்கிழங்கு:
அண்ணை, தானா வெளிக்காது. டெல்ரா ரைம் தெரிஞ்சிருந்தால் முதலே பெருக்கியிருப்பினமே? விளையாடிப் பாக்கிறவரும் அதே பாடம் படிக்கிற ஆள். அவருக்குக் காரணம் தெரிஞ்சால் மறைச்சு என்ன பயன்?

தமிழ் எழுத்தையே பாருங்கோ. யுனிட்டி எண்ட கேம் செய்யிற மென்பொருளில எழுத்தைக் காட்டுற ரெக்ஸ்ற் மெஷ் புரோ கொம்பை இடம்மாத்தாது, "கொடி" எண்டு போட்டால் கொம்பு ககரத்துக்குப் பின்னால போய் நிக்கும். படிவத்தில "எழுத்துப் பிழை" எண்டு எழுதினால் செய்தவர் எழுத்துக்கூட்டல் பிழையெண்டு நினைச்சு அகராதி தேடுவார். "யூனிகோட்டைப் பாமினிக்கு (ஆங்கில எழுத்தின்ர இடத்தில தமிழெழுத்தை வைக்கிற பழைய முறை) மாத்தி, பாமினி எழுத்துருவில ஃபொன்ற் அசெற் (யுனிட்டி பாவிக்கிற எழுத்துருக் கோப்பு) செய்யுங்கோ. ஆங்கிலச் சொல்லுக்கு வேற எழுத்துரு குடுங்கோ, இல்லாட்டி அதுவும் தமிழெழுத்தாக் குழம்பி வரும்" எண்டு எழுதினால் ஒரு பின்னேரத்தில வேலை முடியும்.

உப்புக்காரன்:
எழுத்துருவில சரியான விடை ஒண்டுதான், ஒத்துக்கொள்ளுறன். விளையாட்டின்ர வடிவமைப்பு அப்பிடியில்லைத் தம்பி. "காவல் நிக்கிறவை கோட்டை விட்டு வந்தால் நல்லாயிருக்கும்" எண்டு எழுதுவினம். கிளித்தட்டில தன்ர குறுக்குக் கோட்டை விட்டு வாறவர் காவலே இல்லை! உண்மையில என்ன நடந்திருக்கும் எண்டால், காவலை ஏமாத்துறது லேசா இருந்து சலிச்சிருக்கும். அந்தச் சலிப்புத்தான் செய்தவருக்கு வேணும், யோசனை இல்லை.

வெண்கட்டி:
இருவரும் ஒரு விடயத்தை விட்டுவிட்டீர்கள். கருத்து எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது? வெறும் சதுரங்கள் ஓடும் முதல் மாதிரியில் தீர்வு எழுதுவது வீண். அந்தச் சதுரமே அடுத்த வாரம் இராது. ஒப்படைப்புக்கு ஐந்து நாள் இருக்கையில் காரணம் தெரிந்தும் சொல்லாமல் விடுவது அநியாயம்.

இன்னொன்று. விளையாடும்போது செய்தவர் பக்கத்தில் நின்று "அந்த பட்டனை அமத்துங்கோ" என்று சொல்லக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் திரையைப் பதிவுசெய்யட்டும். எங்கே தயங்கினார், எதைத் தவறாக அமத்தினார் என்பது படிவத்தில் வராது, பதிவில் வரும். பிறகு கேட்கவேண்டியது "பிடிச்சதோ?" அல்ல. முகத்துக்கு முன்னால் எவரும் "பிடிக்கவில்லை" என்று சொல்லமாட்டார். "இந்தச் சிவப்புக் கோடு என்ன செய்யும் என்று நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள்.

பனங்கிழங்கு:
ரீச்சர் சொல்லுறது சரி. ஆனா "கிராபிக்ஸ் வடிவு, சவுண்ட் கொஞ்சம் கூட" எண்டு பத்து வரி எழுதுற ஆக்களை என்ன செய்யிறது? தீர்வுப் பெட்டி இருந்தால் எண்டாலும் கொஞ்சம் யோசிப்பினம்.

உப்புக்காரன்:
யோசிக்கமாட்டினம், கூகிளில தேடி ஒட்டுவினம். பிறகு வைவாவில (வாய்மொழிப் பரீட்சையில) "இந்த வரி ஏன்?" எண்டு கேட்டால் செய்தவர் முழிக்கவேண்டியதுதான்.

பனங்கிழங்கு:
அப்ப புரோகிராம் கோட் எழுதிக் குடுக்காமல் பாக்கவேண்டிய இடத்தைக் காட்டலாம்தானே. "தொடாமலே அவுட் ஆகுது" எண்டது கண்டது. "பொக்ஸ் கொலைடர் (தொடுகையைக் கண்டுபிடிக்கிற, கண்ணுக்குத் தெரியாத பெட்டி) படத்தின்ர வெற்று ஓரத்தையும் சேர்த்து நிக்குதோ எண்டு பாருங்கோ" எண்டது சந்தேகம். அளவைக் குறைக்கிறதோ வட்டக் கொலைடர் போடுறதோ செய்தவரின்ர முடிவு.

உப்புக்காரன்:
சந்தேகம் எண்டு பெயர் போட்டு, கண்டதுக்குக் கீழ, வேறயா எழுதினால் எனக்குச் சண்டை இல்லை. "திருத்தம்" எண்ட பெயர்தான் ஆகாது. செய்தவர் அதைக் கட்டளை மாதிரி எடுத்திடுவார்.

வெண்கட்டி:
ஒருவருக்கு மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம். கேம் நிற்கிற பிழை முதலில், விளங்காத இடம் அடுத்தது, நிறமும் ஒலியும் கடைசி. ஒவ்வொன்றிலும் பில்ட் இலக்கம் (கேமின் எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்), ஃபோன் அல்லது கணினி, எந்தத் தட்டு, அதற்கு முன் என்ன அமத்தினீர்கள் என்பது இருக்கவேண்டும். பில்ட் இலக்கம் இல்லாத குறிப்பைத் திருப்பிக் கொடுங்கள். நேற்றே திருத்திய பிழையை இன்றும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பனங்கிழங்கு:
பில்ட் இலக்கத்தை மெனுத் திரையின்ர மூலையிலயே போடச் சொல்லுங்கோ ரீச்சர். கேட்டு எழுத விட்டால் பாதிப்பேர் வெறுமையா விட்டிடுவினம்.