எல்ஏடி முழு அடைப்பு: இதய எம்ஆர்ஐயின் எல்ஜிஇ படத்தில் உள்சுவர் தழும்பா, ரத்தமா?

மேக்னட்ரூம்:
1.5 டெஸ்லா எம்ஆர்ஐ மெஷின். நோயாளி 58 வயது, 70 கிலோ. எல்ஏடி (இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் தரும் தமனி) தொடக்கத்திலேயே 100% அடைப்பு, வலது தமனியிலிருந்து கொலாட்டரல் (மாற்றுவழி ரத்த ஓட்டம்) வருகிறது. எக்கோவில் ஈஎஃப் (ஒரு துடிப்பில் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் விழுக்காடு) 30, முன்சுவர் அசையவே இல்லை. பைபாஸுக்கு முன் தசை உயிரோடு இருக்கிறதா பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கேடோலினியம் (எம்ஆர்ஐ சாய மருந்து) கிலோவுக்கு 0.15 மில்லிமோல் போட்டு 6-வது நிமிடத்தில் எல்ஜிஇ (தழும்பு வெள்ளையாகவும் நல்ல தசை கறுப்பாகவும் தெரியவேண்டிய படம்) எடுத்தோம். முன்சுவரின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, ஆனால் குழிக்குள் இருக்கும் ரத்தமும் அதே வெள்ளை, எல்லையே தெரியவில்லை. பின்சுவர் கறுப்பாக வராமல் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. ஆள் இன்னும் டேபிளில்தான் இருக்கிறார். மறுபடி எடுக்கலாமா? தழும்பு பாதிச் சுவர் வரை இருந்தால் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

கறுப்புத்தசை:
டேபிளிலிருந்து இறக்காதீங்க, புது மருந்தும் போடாதீங்க. 6 நிமிடம் ரொம்ப சீக்கிரம். இந்த நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் கேடோலினியமும் தழும்பில் தேங்கியதும் ஏறக்குறைய ஒரே அளவில் மின்னும். ஈஎஃப் குறைந்தவர்களுக்கு ரத்தம் மெதுவாகச் சுற்றுவதால் இது இன்னும் மோசம். 15 நிமிடம் தாண்டட்டும். 20 ஆனாலும் பரவாயில்லை. காத்திருக்கும் நேரத்தில் சினியை (இதயம் அசைவதைக் காட்டும் படம்) முடித்துவிடுங்க.

பின்சுவர் சாம்பலாக இருப்பது டிஐ (எந்தத் திசு கறுப்பாகும் என்பதைத் தீர்மானிக்க மெஷினில் வைக்கும் காத்திருப்பு நேரம்) பிரச்சினை. டிஐ ஸ்கவுட் (பல டிஐகளில் எடுக்கும் சோதனைப் படவரிசை) ஓட்டி, எந்தப் படத்தில் நல்ல தசை மைக்கறுப்பாகிறதோ அந்த எண்ணை எடுங்க. 1.5 டெஸ்லாவில் பெரும்பாலும் 250–350 மில்லிசெகண்டுக்குள் வரும். முன்பு எடுத்த ஸ்கவுட்டை நம்பாதீங்க: மருந்து கழுவிப் போகப் போக சரியான டிஐ ஏறிக்கொண்டே போகும். படம் எடுத்து முடிப்பதற்குள் நல்ல தசை மறுபடி வெளுக்க ஆரம்பித்தால் 10, 20 கூட்டுங்க.

டிஐ எந்தப் பக்கம் தவறியது என்பதுதான் முக்கியம். அதிகமாகிவிட்டால் எல்லாம் சாம்பலாகும், ஆனால் தழும்பு வெள்ளையாகவே இருக்கும், பிழைத்துக்கொள்ளலாம். குறைவாகிவிட்டால் நல்ல தசை வெளுத்து, தழும்பு மங்கி, இறந்த சுவரை உயிருள்ளது என்று எழுதவைக்கும். பிஎஸ்ஐஆர் என்ற எல்ஜிஇ முறை இருந்தால் அதையே ஓட்டுங்க, டிஐ கொஞ்சம் தப்பினாலும் தாங்கும். மூச்சு 10 விநாடி பிடிக்க முடியாதவர், எக்டோபிக் (தாளம் தப்பிய துடிப்பு) அடிப்பவர் என்றால் சிங்கிள்ஷாட் (ஒரே துடிப்பில் முழுப் படம்): கூர்மை குறையும், ஆனால் பேய் உருவங்கள் (அசைவால் வரும் போலி நிழல்கள்) வராது.

எந்த மருந்து போட்டீங்க? கேடோபியூட்ரால் ஒரு மில்லியில் 1 மில்லிமோல். 70 கிலோவுக்கு 10.5 மி.லி. கேடோடெரேட் 0.5தான், அதற்கு 21 மி.லி. வேண்டும். பழக்கத்தில் 'பத்து மில்லி' என்று ஏற்றினால் பாதி டோஸ்தான் போயிருக்கும்.

ஷார்ட்ஆக்சிஸ்:
எல்ஜிஇயைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதே ஸ்லைஸின் டயஸ்டோல் (இதயம் விரியும் கட்டம்) சினி படத்தைப் பக்கத்தில் வையுங்கள். சினியில் சுவர் 8 மி.மீ., எல்ஜிஇயில் வெளிப்பக்கக் கறுப்பு 5 மி.மீ. மட்டும் என்றால் மீதி 3 தழும்பு. 38%, அதாவது 26–50 வகுப்பு. இடது கீழறைச் சுவரின் 17 பகுதிகளையும் இப்படியே 0, 1–25, 26–50, 51–75, 75-க்கு மேல் என்று போடுங்கள்.

இந்த வகுப்பு 2000-இல் கிம் குழு வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அசைவு குன்றிய பகுதிகளில் தழும்பே இல்லாதவை 329. ரத்த ஓட்டம் கொடுத்தபின் 256 தேறின. 75%-க்கு மேல் தழும்பு இருந்த 58-இல் தேறியது ஒன்றே ஒன்று. இரண்டு முனையும் தெளிவு; நடுவில்தான் குழப்பம். 26–75 வந்தால் 'உயிருண்டு', 'உயிரில்லை' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல் விழுக்காட்டையே எழுதுங்கள். குறைந்த டோஸில், இதயத் தசையைத் தூண்டும் டோபுடமின் (நிமிடத்துக்கு கிலோவுக்கு 5–10 மைக்ரோகிராம்) கொடுத்துச் சுவர் தடிக்கிறதா பார்ப்பது இந்த நடுப்பகுதிக்குத்தான் உதவும்.

சுவர் மெலிந்திருப்பதை மட்டும் வைத்து இறந்துவிட்டது என்று எழுதுவது எக்கோ காலத்துப் பழக்கம். 2013-இல் வந்த ஆய்வில், மெலிந்த பகுதிகளில் 18%-இல் தழும்பு பாதியைத் தாண்டவில்லை.

கேத்லேப்காரன்:
இரண்டு பதிலும் சரி. ஆனால் 'உயிருண்டு' என்று வந்தாலே 'அடைப்பைத் திற' என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2022-இல் வந்த ரிவைவ்ட் ஆய்வில் 700 பேர். ஈஎஃப் 35 அல்லது அதற்குக் கீழ், உயிருள்ள பகுதி குறைந்தது நான்கு. மருந்தோடு ஸ்டென்ட் வைத்தவர்களில் மரணமோ இதயச் செயலிழப்புக்கான அட்மிஷனோ 37.2%, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 38.0%. வித்தியாசமே இல்லை.

ஷார்ட்ஆக்சிஸ்:
அது ஸ்டென்ட். இந்த நோயாளி போவது பைபாஸுக்கு. ஸ்டிச் ஆய்வின் பத்தாண்டு முடிவில் மரணம் பைபாஸில் 58.9%, மருந்தில் 66.1%. ஆனால் உயிருள்ள தசை இருந்தவர்களுக்குத்தான் பைபாஸ் கூடுதலாக உதவியது என்று அதிலும் காட்ட முடியவில்லை. அதனால் உங்கள் எச்சரிக்கை நியாயம்தான். ரிப்போர்ட் தழும்பின் அளவைச் சொல்லட்டும்; அறுவையா வேண்டாமா என்பதை நெஞ்சுவலி, மற்ற தமனிகள், சிறுநீரகம் எல்லாம் பார்த்து அவர்கள் முடிவெடுக்கட்டும்.

மேக்னட்ரூம்:
கேடோடெரேட், 21 மி.லி.தான் போட்டோம். 18-வது நிமிடத்தில் டிஐ 310-இல் மறுபடி எடுத்தாச்சு. எல்லை பளிச். நடு முன்சுவரில் 26–50, நுனியில் 75-க்கு மேல். நுனிக்குள் சாம்பலாக ஒரு சின்னக் கட்டி மாதிரி தெரிகிறது, அது தசையா?

கறுப்புத்தசை:
ரத்தக்கட்டியாக இருக்கலாம். டிஐ 550-க்கு மேல் ஏற்றி அதே இடத்தில் ஒரு படம் எடுங்க. தசை வெளுத்துவிடும், ரத்தக்கட்டிக்குள் மருந்து போகாததால் அது கறுப்பாகவே நிற்கும். அப்படி நின்றால் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் அனுப்பிய டாக்டருக்கு இப்போதே போன் போடுங்க.